சென்னை உயர் நீதிமன்றமும் கொழும்பு உயர் நீதிமன்றமும் ஒன்றல்ல: மேல்நிலை நீதிமன்றம் என்றால் என்ன?

காலையில் கைபேசியைத் திறந்தால் சில நாட்களில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். ‘உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை’ என்று சென்னையிலிருந்து ஒன்று. ‘உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை’ என்று கொழும்பு புதுக்கடையிலிருந்து இன்னொன்று. மொழியும் ஒன்று, சொல்லும் ஒன்று. ஆனால் அந்த இரண்டு நீதிமன்றங்களும் ஒரே படியில் இல்லை. சென்னைத் தடையை எதிர்த்து டில்லிக்குப் போகலாம். புதுக்கடைத் தடையை எதிர்த்துப் போவதற்கு இலங்கையில் வேறு நீதிமன்றமே கிடையாது.

இதில் வாசகர் குழம்பினால் அது அவர் பிழை அல்ல. கொழும்பில் தமிழ் வாசிப்பவர் சென்னைத் தொலைக்காட்சியையும் பார்க்கிறார், உள்ளூர்ப் பத்திரிகையையும் வாசிக்கிறார், கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் உறவினர் அனுப்பும் கடிதங்களையும் பிரித்துப் பார்க்கிறார். நாட்டுக்கு நாடு நீதிமன்றப் பெயர்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. பெயரை நம்பிப் போனால் தப்பான கதவைத் தட்ட வேண்டி வரும். இலங்கையில் அடிப்படை உரிமை மீறலுக்கு மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம். தப்பான கதவில் அந்த மாதம் கழிந்துவிட்டால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது.

முதலில் பெயர்களைப் பிரித்து வைப்போம்

இலங்கையில் உச்சியில் இருப்பது உயர் நீதிமன்றம். அதற்கு அடுத்தது மேன்முறையீட்டு நீதிமன்றம். அதன் கீழே மேல் நீதிமன்றம், பிறகு மாவட்ட நீதிமன்றம், நீதவான் நீதிமன்றம். இந்தியத் தமிழில் உச்சியில் இருப்பது உச்ச நீதிமன்றம். மாநில அளவில் இருப்பது உயர் நீதிமன்றம். அதாவது ஆங்கிலத்தில் ‘ஹை கோர்ட்’ எனப்படுவதை அவர்கள் ‘உயர்’ என்றார்கள், நாம் ‘மேல்’ என்றோம். ‘சுப்ரீம் கோர்ட்’ எனப்படுவதை அவர்கள் ‘உச்ச’ என்றார்கள், நாம் ‘உயர்’ என்றோம். சிங்களத்தில் இந்தச் சிக்கல் இல்லை. சிரேஷ்டாதிகரணய, மஹாதிகரணய என்று இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது, பக்கத்து நாட்டுச் செய்தி வந்து குழப்புவதும் இல்லை.

இந்தக் கட்டுரையில் ‘மேல்நிலை நீதிமன்றம்’ என்ற சொல்லைத் தனிப் பொருளில் பயன்படுத்துகிறேன். ஆங்கிலத்தில் ‘சுப்பீரியர் கோர்ட்’ என்பார்களே, அந்தக் கருத்து. எந்த ஒரு கட்டடத்தின் பெயரும் அல்ல. ஒரு நீதிமன்றத்தின் தரத்தைக் குறிக்கும் சட்டச் சொல். இதற்கு மறுபக்கம் கீழ்நிலை நீதிமன்றம். ‘கீழ்நிலை’ என்றால் மட்டமானது என்று பொருள் இல்லை. நாட்டின் பெரும்பாலான வழக்குகள் அங்கேதான் தொடங்கி அங்கேதான் முடிகின்றன.

பட்டியலோடு வந்தவரும் பட்டியல் இல்லாதவரும்

வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஒரு வீட்டுக் காட்சி போதும். பிள்ளையிடம் பட்டியலும் காசும் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறோம். பட்டியலில் இல்லாத பொருளைப் பிள்ளை வாங்கி வந்தால் ‘யார் சொல்லி வாங்கினாய்?’ என்ற கேள்வி வரும். அந்த வீட்டின் அம்மா கடைக்குப் போனால் அப்படி யாரும் கேட்பதில்லை. ‘இதை மட்டும் வாங்க வேண்டாம்’ என்று முன்பே தெளிவாகப் பேசி வைத்திருந்தால் ஒழிய அவர் எதையும் வாங்கலாம்.

கீழ்நிலை நீதிமன்றம் பட்டியலோடு போன பிள்ளை. எந்த வகை வழக்கு, எவ்வளவு பெறுமதி, எந்த ஊர், எவ்வளவு தண்டனை என்று சட்டம் எழுதிக் கொடுத்ததை மட்டும் செய்யும். மேல்நிலை நீதிமன்றத்தின் நிலை தலைகீழ். 1667இல் இங்கிலாந்தில் ‘பீகொக் எதிர் பெல்’ என்ற வழக்கில் சொல்லப்பட்ட விதி இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: தன் அதிகாரத்துக்கு வெளியே என்று வெளிப்படையாகத் தெரிவதைத் தவிர மற்ற எல்லாம் மேல்நிலை நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் இருப்பதாகவே கருதப்படும், கீழ்நிலை நீதிமன்றத்துக்கோ, தனக்கு அதிகாரம் உண்டு என்பது வெளிப்படையாகக் காட்டப்பட வேண்டும்.

இந்த ஒரு விதியிலிருந்து பல விளைவுகள் வருகின்றன. முக்கியமானவை நான்கு.

1. கட்டளையின் வலு. மேல்நிலை நீதிமன்றத்தின் கட்டளை தவறாகவே இருந்தாலும் அது நீக்கப்படும் வரை கட்டுப்படுத்தும். ‘இது செல்லாது என்று நினைத்தேன், அதனால் மீறினேன்’ என்று யாரும் சொல்ல முடியாது. கீழ்நிலை நீதிமன்றம் அதிகாரம் இல்லாமல் பிறப்பித்த கட்டளையை ஆரம்பத்திலிருந்தே வெறுமையானது என்று வாதாட இடம் உண்டு.

2. பதிவேடு. மேல்நிலை நீதிமன்றங்களைப் பதிவேட்டு நீதிமன்றங்கள் என்றும் சொல்வார்கள். அவற்றின் நடவடிக்கைகள் நிலையான சான்றாகப் பாதுகாக்கப்படும். அந்தப் பதிவு உண்மையா என்று வேறொரு இடத்தில் கேள்வி எழுப்ப முடியாது. இந்திய அரசியலமைப்பின் 129ஆவது உறுப்புரை உச்ச நீதிமன்றத்துக்கும், 215ஆவது உறுப்புரை மாநில உயர் நீதிமன்றங்களுக்கும் இந்தத் தகுதியைக் கொடுக்கின்றன.

3. அவமதிப்புக்குத் தண்டிக்கும் அதிகாரம். சாதாரண மக்களுக்கு நேரடியாகத் தைப்பது இதுதான். கீழ்நிலை நீதிமன்றம் பெரும்பாலும் தன் முன்னிலையில் நடந்த அவமதிப்பைத்தான், அதுவும் சட்டம் குறித்த அளவுக்குள்தான் தண்டிக்கும். மேல்நிலை நீதிமன்றம் தெருவில், மேடையில், இணையத்தில் நடந்ததையும் எடுக்கும். 2021 ஜனவரியில் நாடாளுமன்ற உறுப்பினர் ரஞ்சன் ராமநாயக்கவுக்கு உயர் நீதிமன்றம் நான்கு ஆண்டு கடூழியச் சிறை விதித்தது, நீதிமன்ற மண்டபத்துக்கு வெளியே ஊடகங்களிடம் சொன்ன சொற்களுக்காக. அப்போது அவமதிப்புக்கென்று தனிச் சட்டம் நாட்டில் இருக்கவில்லை. 2024இல்தான் ஒன்று நிறைவேறியது.

4. மேற்பார்வை. கீழ்நிலை நீதிமன்றங்களும், அமைச்சர்களும், திணைக்களங்களும் தங்கள் பட்டியலைத் தாண்டிப் போனால் அதைத் தடுப்பதும் இரத்துச் செய்வதும் மேல்நிலை நீதிமன்றத்தின் வேலை. ரிட் மனு (அதிகாரியின் சட்டவிரோத முடிவைத் தடுக்கவோ இரத்துச் செய்யவோ கேட்பது), ஆட்கொணர்வு மனு (தடுத்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் முன்னிறுத்தக் கேட்பது) என்று நாம் கேள்விப்படுவதெல்லாம் இந்த வேலைக்கான கருவிகள்.

நான்கில் நாலாவதே உயிர்நாடி என்பது என் கருத்து. மற்ற மூன்றும் நீதிமன்றத்தைக் காக்கும் வேலிகள். இதுதான் குடிமகனைக் காப்பது.

புதுக்கடையில் யார் யார்?

1656 கொழும்பு முற்றுகையில் கொல்லப்பட்ட டச்சுத் தளபதி ஹுல்ப்டின் பெயரால் ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோர்ப் என்றும், நம்மவர் வாயில் புதுக்கடை என்றும் வழங்கும் மேட்டில் நாட்டின் முக்கியமான நீதிமன்றங்கள் எல்லாம் நெருக்கியடித்து இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் 1978 அரசியலமைப்பின் 105ஆவது உறுப்புரை, மேல்நிலைப் பதிவேட்டு நீதிமன்றம் என்ற தகுதியை இரண்டே இரண்டு நீதிமன்றங்களுக்குக் கொடுக்கிறது: உயர் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம்.

‘மேல் நீதிமன்றம்’ என்று பெயரிலேயே ‘மேல்’ வைத்திருக்கும் நீதிமன்றம் அந்தப் பட்டியலில் இல்லை. குற்றவியல் வழக்குகளை முதல்தடவையாக விசாரிக்கும் நீதிமன்றங்களில் மிக உயர்ந்தது என்பதுதான் 111ஆவது உறுப்புரை அதற்குக் கொடுக்கும் இடம். கொலை, பெருமளவு போதைப்பொருள், பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகள் அங்கே போகும். பெயரிலுள்ள உயரமும் சட்டத்திலுள்ள உயரமும் ஒன்றல்ல என்பதற்கு வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை.

இரண்டு மேல்நிலை நீதிமன்றங்களும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நிர்வாகத்தின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம். அரசியலமைப்புக்குப் பொருள் சொல்வதும், சட்டமூலங்களைச் சோதிப்பதும், கடைசி மேன்முறையீடும் அதனுடையவை. அதிகாரி ஒருவர் சட்டத்தை மீறி முடிவெடுத்தால் அதை இரத்துச் செய்யும் ரிட் அதிகாரம் 140ஆவது உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. ஆட்கொணர்வு மனு 141இன் கீழ் அதே நீதிமன்றத்துக்கு. 2020இன் 20ஆவது திருத்தத்துக்குப் பிறகு உயர் நீதிமன்றத்தில் பிரதம நீதியரசருடன் சேர்த்து 17 பேர் வரையும், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தலைவருடன் சேர்த்து 20 பேர் வரையும் இருக்கலாம்.

இந்தப் பங்கீட்டைக் கண்ணால் பார்க்க 2018 நல்ல பாடம். நவம்பர் 9ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தார். ‘வாக்களித்துத் தெரிவான சபையை நான்கரை ஆண்டுக்கு முன் கலைப்பது எங்கள் அடிப்படை உரிமையை மீறுகிறது’ என்று இரா. சம்பந்தன் உட்படப் பலர் போனது உயர் நீதிமன்றத்துக்கு. நவம்பர் 13இல் இடைக்காலத் தடை. டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்கள் ஒருமனதாகக் கலைப்புச் செல்லாது என்றார்கள். அதே நாட்களில் 122 நாடாளுமன்ற உறுப்பினர்கள், சிறிசேன புதிதாக நியமித்த பிரதமர் பற்றிய வேறொரு கேள்வியோடு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயிருந்தார்கள்: ‘மகிந்த ராஜபக்ஷ எந்த உரிமையில் பிரதமர் கதிரையில் இருக்கிறார்?’ பதவியில் இருப்பவரைப் பார்த்து ‘எந்த அதிகாரத்தால்?’ என்று கேட்கும் பழைய ரிட் அது. டிசம்பர் 3இல் அந்த நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. ஒரே நெருக்கடி, இரண்டு கேள்விகள், இரண்டு கதவுகள். ஒன்றின் கேள்வியை மற்றதில் கேட்டிருந்தால் இந்த விடை வந்திராது.

1987இன் 13ஆவது திருத்தம் மூன்றாவது கதவு ஒன்றையும் திறந்து வைத்தது. மாகாண சபைப் பட்டியலில் உள்ள விடயங்களுக்கு ரிட் கட்டளையும், மாகாணத்துக்குள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டவர்களுக்கு ஆட்கொணர்வுக் கட்டளையும் பிறப்பிக்க மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு அது அதிகாரம் கொடுத்தது. மேல்நிலை நீதிமன்றம் என்ற பட்டம் இல்லை, ஆனால் மேல்நிலை நீதிமன்றத்தின் ஒரு கருவி கையில் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் வவுனியாவிலேயே ஆட்கொணர்வு மனுப் போட முடிந்தது இதனால்தான்.

உச்சி எப்போதும் ஒரே இடத்தில் இருந்ததில்லை

வயதானவர்கள் ‘அந்தக் கொலை வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் நடந்தது’ என்று சொன்னால் அது மறதி அல்ல. 1801இன் நீதிப் பட்டயத்தால் உருவான இலங்கை உயர் நீதிமன்றம் 1973 முடியும் வரை பாரிய குற்ற வழக்குகளைத் தானே விசாரித்தது. நீதியரசர்கள் யாழ்ப்பாணம், கண்டி என்று சுற்றில் வந்து ஜூரிகளோடு அமர்வார்கள். இன்றைய மேல் நீதிமன்றம் அந்த வேலையைப் பிரித்தெடுக்கத்தான் 1974 முதல் இயங்கத் தொடங்கியது.

அந்த உயர் நீதிமன்றத்துக்கு மேலே, கடைசி மேன்முறையீட்டைக் கேட்கும் சபையாக இலண்டனில் பிரிவி கவுன்சில் இருந்தது. 1962 சதிப்புரட்சி முயற்சிக்குப் பிறகு, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கென்றே முன்தேதியிட்டுச் செய்யப்பட்ட விசேட சட்டத்தை 1965இல் ‘லியனகே’ வழக்கில் செல்லாது என்றது அந்தச் சபைதான். நீதிமன்றத்தின் அதிகாரத்தை நாடாளுமன்றம் சட்டம் போட்டுப் பறித்துக்கொள்ள முடியாது என்ற அந்தத் தீர்ப்பு வேறு நாடுகளிலும் மேற்கோள் காட்டப்படுகிறது. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டு, அந்த இடத்தில் ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் வந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அது உயர் நீதிமன்றத்துக்கு மேலே இருந்தது. இன்றைய மேன்முறையீட்டு நீதிமன்றமோ கீழே இருக்கிறது. பெயர் அதேதான்.

இந்த இடமாற்றங்களின் நடுவே விழுந்து காணாமல் போன ஒரு வழக்கைத் தமிழ் வாசகர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். செல்லையா கோடீஸ்வரன் அரச எழுதுவினைஞர் சேவையில் இருந்தவர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்கு அமரவில்லை என்பதால் 1962இல் அவருக்குச் சேர வேண்டிய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார். கேட்டது ஒரு சிறு தொகை, கேள்வி பெரியது. சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய 1956இன் தனிச் சிங்களச் சட்டம், ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் செய்யக்கூடாது என்ற சோல்பரி யாப்பின் (அப்போதைய அரசியலமைப்பின்) 29ஆவது பிரிவை மீறுகிறதா?

1964இல் மாவட்ட நீதிபதி ‘மீறுகிறது’ என்றார். 1967இல் உயர் நீதிமன்றம் அந்தக் கேள்வியைத் தொடவில்லை. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின் மேல் வழக்குப் போடவே முடியாது என்று சொல்லிக் கோப்பை மூடியது. 1969இல் பிரிவி கவுன்சில் ‘வழக்குப் போடலாம்’ என்று தீர்த்து, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை முடிவு செய்யும்படி உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அப்புறம் 1971இல் பிரிவி கவுன்சில் போனது. 1972 யாப்பில் 29ஆவது பிரிவும் போனது. அந்தக் கேள்விக்கு எந்த மேல்நிலை நீதிமன்றமும் இன்று வரை விடை சொல்லவில்லை. பட்டியலோடு வந்த கீழ்நிலை நீதிமன்றம் ஒன்று துணிந்து சொன்னதை, பட்டியல் தேவையில்லாத நீதிமன்றங்கள் சொல்லாமல் விட்டன. மேல்நிலை நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருப்பது ஒன்று, அதைப் பயன்படுத்துவது வேறொன்று.

கடல் கடந்து வரும் கடிதங்கள்

கனடாவின் ஸ்காபரோவில் வாழ்ந்த ஒருவர் காலமாகிறார். சில மாதங்களில் வெள்ளவத்தையில் இருக்கும் சகோதரிக்கு ஒரு பத்திரம் வருகிறது. தலைப்பில் முத்திரையோடு ‘ஒன்டாரியோ சுப்பீரியர் கோர்ட் ஒஃப் ஜஸ்டிஸ்’. ‘சுப்பீரியர் கோர்ட் வரை போயிருக்கிறதே, ஏதோ பெரிய வழக்கு’ என்று வீடு பதறும். உண்மையில் அது இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் வழக்கமான சான்றிதழாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கொழும்பில் மாவட்ட நீதிமன்றம் செய்கிற வேலை அது. விவாகரத்தும் அப்படியே: இங்கே மாவட்ட நீதிமன்றம், ஒன்டாரியோவில் சுப்பீரியர் கோர்ட்.

ஆனால் அந்தப் பெயர் வெறும் அலங்காரம் அல்ல. கனடாவின் 1867 அரசியலமைப்புச் சட்டத்தின் 96ஆவது பிரிவு மாகாண மேல்நிலை நீதிமன்ற நீதிபதிகளை நியமிக்கும் அதிகாரத்தை மத்திய அரசிடம் வைத்திருக்கிறது. அந்த நீதிமன்றங்களின் மைய அதிகாரத்தை எந்தச் சட்டமன்றமும் பிடுங்கி வேறு சபைக்குக் கொடுக்க முடியாது என்று கனடிய உச்ச நீதிமன்றம் தொடர்ந்து சொல்லி வருகிறது. பட்டியல் இல்லாத நீதிமன்றம் என்பதன் சுத்தமான உதாரணம் இது.

அமெரிக்காவுக்குப் போனால் இதே சொல் கீழே இறங்கிவிடும். கலிபோர்னியாவில் 58 மாவட்டங்களுக்கும் ஒவ்வொரு ‘சுப்பீரியர் கோர்ட்’. வீதிப் போக்குவரத்துத் தண்டப்பணம் முதல் கொலை வரை எல்லா விசாரணையும் அங்கேதான் தொடங்கும். பென்சில்வேனியாவில் அதே பெயர் இடைநிலை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. நியூயோர்க்கில் விசாரணை நீதிமன்றத்தின் பெயரே ‘சுப்ரீம் கோர்ட்’. மாநிலத்தின் உச்சியில் இருப்பது ‘கோர்ட் ஒஃப் அப்பீல்ஸ்’. ‘நியூயோர்க் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு’ என்று தமிழ்ச் செய்தியில் வந்தால் பெரும்பாலும் அது முதல் படியிலேயே இருக்கும் வழக்கு.

அவுஸ்திரேலியாவில் உச்சியில் இருப்பது ‘ஹை கோர்ட்’. மாநில ‘சுப்ரீம் கோர்ட்’டுகள் அதன் கீழே. இங்கிலாந்தில் 2009 ஒக்டோபர் வரை நாட்டின் கடைசி நீதிமன்றமாகப் பிரபுக்கள் சபையின் குழு ஒன்று இருந்தது. ‘சுப்ரீம் கோர்ட்’ என்ற பெயர் அதற்குக் கீழே இருந்த மூன்று நீதிமன்றங்களின் கூட்டுப் பெயர். புதிய உச்ச நீதிமன்றம் வந்ததும் அந்தப் பெயரை அதற்குக் கொடுத்துவிட்டு, பழைய மூன்றுக்கும் ‘சீனியர் கோர்ட்ஸ்’ என்று பெயர் மாற்றினார்கள். மலேசியாவில் கூட்டரசு நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டு உயர் நீதிமன்றங்கள் ஆகியவை மேல்நிலை; செஷன்ஸ், மாஜிஸ்திரேட் நீதிமன்றங்கள் கீழ்நிலை.

பிரான்ஸிலும் சுவிஸிலும் கதையே வேறு. மேலே சொன்ன மேல்நிலை, கீழ்நிலைப் பிரிவு ஆங்கிலச் சட்ட மரபின் குழந்தை. சாதாரண நீதிபதிகள் அரச நிர்வாகத்தில் தலையிடக்கூடாது என்று பிரான்ஸ் 1790லேயே சட்டம் போட்டது. அதனால் அங்கே இரண்டு ஏணிகள்: தனியார் வழக்குகளுக்கும் குற்றவியலுக்கும் ஒன்று, அரசுக்கு எதிரான வழக்குகளுக்கு ‘கொன்செய் தெத்தா’ என்ற உச்ச நிர்வாக நீதிமன்றம் வரை போகும் மற்றொன்று. தஞ்ச மனு நிராகரிக்கப்பட்ட நம்மவர்கள் தேசியத் தஞ்ச நீதிமன்றத்துக்குப் போய், அதற்கு மேல் சட்டப் பிரச்சினை இருந்தால் ஏறுவது இந்த இரண்டாவது ஏணியில். சுவிஸில் தஞ்ச மேன்முறையீடு சென் காலனில் இருக்கும் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றத்தோடு பொதுவாக முடிந்துவிடும். லோசானில் இருக்கும் உச்ச நீதிமன்றம் வரை போவதில்லை. ‘சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டு போகிறேன்’ என்று யாராவது காசு கேட்டால் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. ஜெர்மனியில் துறைக்கு ஒன்றாக ஐந்து உச்ச நீதிமன்றங்கள். அரசியலமைப்புக்குத் தனி நீதிமன்றம் கார்ல்ஸ்ரூவில்.

நாடாளுமன்றம் இந்தக் கதவைப் பூட்டலாமா?

அரசுகள் எல்லாக் காலத்திலும் சட்டத்தில் ஒரு வரி சேர்க்கப் பார்க்கும்: ‘இந்த முடிவை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்கு உட்படுத்த முடியாது.’ அந்த வரிக்கு எவ்வளவு மதிப்பு என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

இந்தியாவில் 1997இன் ‘சந்திரகுமார்’ வழக்கு இந்த வரியைத் தூக்கி எறிந்தது. மாநில உயர் நீதிமன்றங்களின் மறுஆய்வு அதிகாரம் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு. திருத்தம் போட்டும் பறிக்க முடியாது. அவுஸ்திரேலியாவில் 2010இன் ‘கேர்க்’ வழக்கு மாநில உச்ச நீதிமன்றங்களுக்கு ஏறத்தாழ அதே காப்பைக் கொடுத்தது. இங்கிலாந்து தடுமாறியது. மேல் தீர்ப்பாயம் என்ற சபையை 2007 சட்டம் ‘மேல்நிலைப் பதிவேட்டு நீதிமன்றம்’ என்று அறிவித்தது. பட்டம் கொடுத்ததால் மட்டும் அது மேற்பார்வைக்கு அப்பாற்பட்டது ஆகிவிடாது என்று 2011இன் ‘கார்ட்’ வழக்கில் முடிவானது. 2022இல் நாடாளுமன்றம் வேறொரு சட்டம் கொண்டுவந்து அந்த மேற்பார்வையைப் பெருமளவு சுருக்கிவிட்டது.

இலங்கையின் நிலை இன்னும் பலவீனமானது. சட்டமூலம் ஒன்று நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் (நிகழ்ச்சி நிரலில்) வந்தபின் சில நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்க வேண்டும். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தீர்மானம் சொல்லும். அந்தக் கட்டம் கடந்து சபாநாயகர் கையெழுத்திட்டுவிட்டால் 80ஆவது உறுப்புரை கதவைச் சாத்திவிடும்: நிறைவேறிய சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் ஆராய முடியாது. அடிப்படை உரிமைகளுக்கு முரணான பழைய சட்டங்களையும் 16ஆவது உறுப்புரை உயிரோடு வைத்திருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம் போன்ற ஒன்றை, நிறைவேறிய பிறகு இரத்துச் செய்ய இந்தியாவில் கதவு உண்டு, இங்கே இல்லை. ‘உயர் நீதிமன்றம் ஏன் அந்தச் சட்டத்தையே நீக்கவில்லை?’ என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். அந்தச் சட்டத்தின் பெயரால் அதிகாரி ஒருவர் செய்த செயலை உரிமை மீறல் என்று அது தீர்க்கலாம். சட்டத்தின் மேல் கை வைக்க முடியாது.

2013 ஜனவரியில் நடந்தது இதைவிடக் கசப்பானது. பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான நாடாளுமன்றத் தெரிவுக்குழுவின் முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றம் 7ஆம் திகதி இரத்துச் செய்தது. 11ஆம் திகதி நாடாளுமன்றம் அப்படியே வாக்கெடுப்பு நடத்தியது. 13ஆம் திகதி அவர் நீக்கப்பட்டார். மேல்நிலை நீதிமன்றத்தின் கட்டளை தாளில் இருந்தது. கீழ்ப்படிய வேண்டியவர்கள் கீழ்ப்படியவில்லை.

கதவை அடையும் வழி

உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் இருப்பது கொழும்பில் மட்டும். முல்லைத்தீவில் நடந்த மீறலுக்கும் மனுப் புதுக்கடைக்குத்தான் வர வேண்டும், அதுவும் ஒரு மாதத்துக்குள். தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. 2023 ஜனவரி 12இல், 2019 ஈஸ்டர் குண்டுத் தாக்குதல் வழக்கில் ஏழு நீதியரசர்கள் முன்னாள் ஜனாதிபதி சிறிசேனவை 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னார்கள். கொச்சிக்கடையிலும் மட்டக்களப்பிலும் பிள்ளைகளை இழந்த தமிழ்க் குடும்பங்களுக்காகவும் எழுதப்பட்ட தீர்ப்பு அது. அந்த நீண்ட தீர்ப்பை அவர்கள் தங்கள் மொழியில் வாசிக்க முடிவதுதான் முறை. நீதிமன்ற மொழி பற்றி யாப்பில் தமிழுக்கும் இடம் இருக்கிறது. மேல்நிலை நீதிமன்றங்களில் அந்த இடம் இன்னும் நிரப்பப்படவில்லை.

இப்போதைக்கு, கையில் ஒரு வழக்குத் தாளோ செய்தியோ வந்தால் பார்க்க வேண்டியவை:

1. வழக்கு இலக்கத்தின் முதல் எழுத்துகள். ‘எஸ்.சி.’ என்றால் உயர் நீதிமன்றம், ‘சி.ஏ.’ மேன்முறையீட்டு நீதிமன்றம், ‘எச்.சி.’ மேல் நீதிமன்றம், ‘டி.சி.’ மாவட்ட நீதிமன்றம். ‘எஸ்.சி. எஃப்.ஆர்.’ அடிப்படை உரிமை மனு, ‘எஸ்.சி. எஸ்.டி.’ சட்டமூலம் பற்றிய விசேட தீர்மானம்.

2. மீறியது யார். அரச அதிகாரி என்றால் அடிப்படை உரிமை மனுவா, ரிட் மனுவா என்று சட்டத்தரணியிடம் முதல் நாளே கேளுங்கள். ரிட் மனு விசாரணையின்போது அடிப்படை உரிமை மீறல் தென்பட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று யாப்பு சொல்கிறது. ஆனாலும் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

3. மாதக் கணக்கு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. 1996இன் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. முறைப்பாடு கொடுத்ததோடு நின்றால் போதாது, விசாரணை நடந்துகொண்டிருப்பதைக் காட்டவும் நீதிமன்றம் கேட்கலாம். ஆணைக்குழுவுக்குப் பிராந்திய அலுவலகங்கள் இருப்பதால் இதற்குக் கொழும்புக்கு வரத் தேவையில்லை. பற்றுச்சீட்டையும், அதன் பிறகு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் திகதியோடு பத்திரப்படுத்துங்கள்.